இருட்டிலும் விழுந்திருந்த புள்ளிகள்

எழும்பூரில் மதியம் ஏறிய ரயில் என்னை விருத்தாசலம் சந்திப்பில் இறக்கிவிட்டபோது மணி நாலு. 2008, ஆடி மாதம். தோளில் கேமரா பை, முதுகில் லேப்டாப், இரண்டு கையிலும் விளக்கு மாட்டும் கம்பிகள். சென்னையில் கடைகளுக்குப் பொருள்களைப் படமெடுத்துக் கொடுப்பது என் பிழைப்பு. இங்கே ஒரு பீங்கான் பட்டறையில், புதிய விலைப் புத்தகத்துக்காக ஊறுகாய் ஜாடிகளை எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஆட்டோக்காரர் அறுபது கேட்டு நாற்பதுக்கு இறங்கினார். செராமிக் கம்பெனி என்று மட்டும் சொன்னேன். "எந்த செராமிக்குங்க? இந்தப் பக்கம் பூரா செராமிக்குதான் இருக்குது" என்றார். இரண்டு தப்பான வாசல்களில் நின்றுவிட்டு மூன்றாவதாகச் சரியான இடத்துக்குப் போனோம்.

பட்டறையை நடத்துபவர் ஸ்டெல்லா அக்கா. ஐம்பதை நெருங்கும் வயது, நின்றுகொண்டே பேசும் பழக்கம். அவர் கணவர் ஆரோக்கியம் அண்ணன் சரக்கு ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொள்கிறார். டீ வந்தது. அதைக் குடிப்பதற்குள், படம் எப்படி இருக்கக் கூடாது என்பதை அக்கா எனக்குக் காட்ட விரும்பினார். அண்ணனின் கேமராவில் இருந்த பழைய படம் ஒன்றை என் லேப்டாப்பில் ஏற்றினோம். பலகையில் வரிசையாக வெள்ளை ஜாடிகள். கொஞ்சம் பெரிதாக்கியதும் ஜாடி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகப் பொடிப் பொடிப் புள்ளிகள்.

போன வருடம் கோவையில் ஒரு பெரிய கடை இரண்டாயிரம் ஜாடி வாங்குவதாக இருந்ததாம். முதலில் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சாயங்காலம் ஷெட்டுக்குள்ளேயே எடுத்து, பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினார். படத்தில் இருந்த ஜாடிகள் அன்றைக்கே, ஏற்கெனவே சொல்லிவைத்திருந்த வேறொரு வியாபாரியின் லாரியில் ஏறிப் போய்விட்டன. மறுநாள் கோவையிலிருந்து பதில்: பூச்சில் புள்ளி இருக்கிறது, வேண்டாம். சரிபார்க்கக் கையில் ஒரு ஜாடிகூட இல்லை. வெள்ளைப் பூச்சில் இரும்புத் தூள் கலந்துவிட்டால் சூளையில் புள்ளி விழும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பூச்சு கலக்கியவர் கோவிந்தசாமி. பல வருடமாக அங்கேயே இருந்தவர். வார்த்தை தடித்து, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். லாரியில் வாங்கிப் போன வியாபாரி ஏதாவது ஜாடியைத் திருப்பி அனுப்பினாரா என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை, அது அவருடைய பெருந்தன்மை என்று இருவரும் சொன்னார்கள்.

நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன். புள்ளி பின்சுவரிலும் இருந்தது. பலகைக்குக் கீழே ஒன்றுமே இல்லாத இருட்டிலும் இருந்தது. இருட்டுக்கு யாரும் பூச்சு பூசுவதில்லை.

அண்ணனின் கேமராவை வாங்கிப் பார்த்தேன். துபாயிலிருந்து லீவில் வந்த ஒருவரிடம் மங்கலம்பேட்டையில் எட்டாயிரத்துக்கு வாங்கியதாம். சட்டைப் பையில் அடங்கும் அழகான சாமான், பத்து மெகாபிக்சல். என்னுடையது எத்தனை என்று அண்ணன் கேட்டார். ஆறு என்றேன். "இம்மாம் பெரிசா இருக்குது, ஆறுதானா?" என்று பரிதாபப்பட்டு எனக்கு இன்னொரு பிஸ்கட் கொடுத்தார்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் தகடு ஒன்று இருக்கிறது. சென்சார் என்பார்கள். அண்ணனுடையதில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. என்னுடையது பெரிய தபால்தலை அளவு. அந்த நகத்துக்குள் பத்து மெகாபிக்சல், அதாவது வெளிச்சம் பிடிக்கும் ஒரு கோடிக் குழிகளை நெருக்கி உட்கார்த்தியிருக்கிறார்கள். என் தபால்தலையில் அறுபது லட்சம்தான், காலை நீட்டி உட்கார்ந்திருக்கின்றன. அடைமழை என்றால் அகலும் நிரம்பும், சட்டியும் நிரம்பும். தூறலில் அகலில் எவ்வளவு சேரும்? டியூப்லைட் வெளிச்சம் தூறல்தான். கிடைத்த கொஞ்சத்தைக் கேமரா தானாகக் கூட்டிக் காட்டும்போது, இல்லாத பொட்டுகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. பெட்டியின்மேல் பத்து என்பதைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். சென்சார் அளவை ஏதோ ஒரு மூலையில் யாருக்கும் புரியாத பின்னமாகப் போடுகிறார்கள். அந்தப் பெட்டிகளை நினைத்தால் எனக்கு எப்போதும் கோபம் வரும்.

அண்ணன் நம்பவில்லை. அன்று சூளையிலிருந்து இறக்கிய ஜாடி ஒன்றை அக்காவே துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பழுதில்லை என்று சொல்லிப் பலகையில் வைத்தார். அதே ஷெட், அதே டியூப்லைட். இரண்டு கேமராவிலும் எடுத்து லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என் படத்தில் ஜாடி துடைத்தது துடைத்தபடி இருந்தது. அண்ணன் படத்தில் அதே சிவப்பு, அதே பச்சை.

அண்ணன் கேமராவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கலாமே என்று எனக்கு இருந்தது. அக்கா அப்போதுதான் முதல்முறையாக உட்கார்ந்தார்.

"கோவிந்தண்ணன நான் கண்ணு தெரியலியான்னு கேட்டுட்டேன் தம்பி. எல்லாரு முன்னாலயும் கேட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் ஜாடிகளை எடுத்து முடித்ததும், அந்தப் படங்களோடு கோவிந்தசாமி இப்போது இருக்கும் ஊருக்குத் தன்னுடன் வர முடியுமா என்று அக்கா கேட்டார். சேத்தியாத்தோப்புக்கு பஸ் டிக்கெட் எட்டு ரூபாய்; இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். வேறொரு நாளாக இருந்தால் இறங்கிப் படமெடுத்திருப்பேன். அக்கா வழி முழுக்க முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் வந்தார்.

கோவிந்தசாமி வெள்ளாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடையில் மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் தராசை விட்டுவிட்டு எழுந்து, எங்கள் இருவருக்கும் டீ சொன்னார். நான்தான் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்துச் சொன்னேன். அவர் பழைய படத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். பலகைக்குக் கீழே இருந்த இருட்டை விரலால் தொட்டார்.

"இங்கயும் இருக்குதுங்களே. அன்னைக்கி இந்தப் படத்துல நான் ஜாடிய மட்டுந்தான் பாத்தேன்."

இரும்புத் தூள் எங்கிருந்து வந்தது என்று மாதக்கணக்கில் யோசித்துப் பார்த்தாராம். சல்லடையாக இருக்கும், வாளியாக இருக்கும், கடைசியில் தன் கையாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தாராம். அதனால்தான் பக்கத்துப் பட்டறைகளில் கூப்பிட்டும் போகவில்லை. அதைக் கேட்டபோது அக்கா அழுதுவிட்டார். திரும்பி வந்துவிடுங்கள், பழைய சம்பளத்துக்கு மேலேயே தருகிறேன் என்றார். டீ ஆறிப்போயிருந்தது. கோவிந்தசாமி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"வேலைக்கு வர்றத அப்பறம் பேசிக்கலாம்மா. வூடு இங்கதான், பின்னாலயே இருக்குது. வந்து இத ஒருவாட்டி வூட்ல சொல்லிட்டுப் போங்க. என் தப்புதான்னு நானே அங்க சொல்லி வச்சிருக்கேன்."