சேற்றைக் காத்த நாட்கள்

அணையைத் திறந்துவிட்டதில் ஆற்றுத் தண்ணீர், மராத்திக்காரர்கள் ஊரான கட்கியில் எங்கள் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து திரும்பியபோது தரையெங்கும் கணுக்கால் அளவு சேறு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைப்பத்தை எடுத்தேன். மாமியார் அதை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார்.

"கழுவிட்டா வரவன் இன்னாத்த பாப்பான்? போன வாட்டி கழுவி வச்சேன். எல்லாம் டீக்கா, நல்லாத்தான கீதுன்னு பூட்டான்."

வரவேண்டியவர் தலாட்டி, வருவாய்த்துறை ஊழியர். அவர் சேதத்தைப் பார்த்துப் பஞ்சநாமா என்ற அறிக்கை எழுதினால்தான் அரசு நிவாரணம். வரும்போது ஆள் இல்லையென்றால் அடுத்த சந்துக்குப் போய்விடுவாராம். கணவருக்குச் சாகண் தொழிற்பேட்டையில் ஒப்பந்த வேலை; லீவு போட்டால் சம்பளமில்லை. நானும் மாமியாரும் என் சின்ன மகளை வைத்துக்கொண்டு, இரவில் பக்கத்து வீட்டு மாடியில் படுத்து, பகலில் சேற்றுக்குக் காவல் இருந்தோம்.

என்னால் உட்கார முடியவில்லை. பைக் சத்தம் கேட்டாலே சந்து முனைக்கு ஓடினேன். அடுத்த தெருவில் இருக்கிறார் என்றார்கள், சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள், நாளைக்குத்தான் என்றார்கள். சேறு நாறத் தொடங்கியது. மகளுக்கு இழுப்பு வந்தது. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் நான் பக்கெட்டை எடுத்துவிட்டேன். மாமியாரே எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார்.

பாதி வீடு கழுவியிருந்தபோது தலாட்டி வந்து நின்றார். வீடு சுத்தமாகத்தானே இருக்கிறது என்று மராத்தியில் கேட்டார். மாமியார் வாசலோரம் சுருட்டி வைத்திருந்த பஞ்சு மெத்தைமேல் ஏறி மிதித்தார். பழுப்புத் தண்ணீர் வழிந்து அவர் செருப்பைச் சுற்றி ஓடியது. உங்கள் பிள்ளையை இதில் படுக்க வைப்பீர்களா என்று மராத்தியிலேயே, குரலை உயர்த்தாமல் கேட்டார். தலாட்டி பின்னால் நகர்ந்து, ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, எழுத ஆரம்பித்தார்.

தீபாவளி கழிந்து பணம் வந்தது. ஓர் இரும்புக் கட்டில் வாங்கினோம், அதோடு தீர்ந்தது. மகளுக்கு அதற்குள் சரியாகியிருந்தது. மாமியாருக்குத் திருப்தி. எனக்குச் சந்தோஷப்படுவதா, ஆத்திரப்படுவதா என்று தெரியவில்லை.

இப்போதும் அணை திறக்கப்போவதாகச் செய்தி வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பாலம்வரை போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவேன். அடுப்பில் எதையாவது வைப்பேன். அது கொதிப்பதற்குள் அணைத்துவிட்டு மறுபடி பாலத்துக்குப் போவேன்.