வலது கை எட்டும் எழுத்துகள்

டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் ரூசே நகரத்து ஆற்றுநீர் அலுவலகத்தில் நெவேனாவைச் சோம்பேறி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சொல்லட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். அந்தப் பெயர் அவளுக்கு வசதியாகவே இருந்தது.

டான்யூபின் நீர்மட்டம் எழுபது வருடத்துக் கோப்புகளாகக் கணினியில் கிடந்தது. நிலையம், வருடம், மாதம் என்று கோப்புறைக்குள் கோப்புறை. ஒரு மாதத்தைத் திறக்க, கறுப்புத் திரையில் அந்தக் கோப்புறைகளின் பெயரையெல்லாம் வரிசையாக, ஒரு முழ நீளத்துக்கு வழி தட்ட வேண்டும். நெவேனா அதற்கெல்லாம் ஷெல் என்கிற அந்தக் கறுப்புத் திரையில் ஃபங்ஷன்கள் என்று குட்டிக் குட்டிக் குறுக்குக் கட்டளைகள் எழுதி வைத்தாள். இரண்டு எழுத்து தட்டினால் போதும், நேராக அந்த இடத்தில் கொண்டுபோய் விடும்.

"நாலு வார்த்த தட்டக்கூட வலிக்குதாக்கா ஒனக்கு?" என்பாள் பக்கத்து மேசைக் கலினா, பாலாடைக்கட்டி வைத்த பனீத்சாவை மென்றுகொண்டே.

"ஆமாடி, விரல் தேஞ்சிடும்."

விரல்கள் உண்மையிலேயே செத்துக்கொண்டிருந்தன. அக்டோபரில் இடது கையால் பொத்தான் போட முடியவில்லை. நரம்பு நோய், மருந்து கிடையாது, அடுத்தது வலது கை, அப்புறம் பேச்சு என்று டாக்டர் விரலை மடக்கிச் சொன்னார். பாவி மனுஷன், கொஞ்சம் மென்று விழுங்கியாவது சொல்லியிருக்கலாம்! கை போனது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாலு சுவர். வலது கை ஓடுகிறவரை இந்த நாற்காலியில் இருந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. இடது கையைச் சால்வைக்குள் ஒளித்துக்கொண்டு, ஃபங்ஷன்களின் பெயரையெல்லாம் மாற்றினாள். ஜே, கே, எல், எம் என்று வலது கை எட்டுகிற எழுத்துகள் மட்டும். வேகம் குறையவில்லை, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வேகமே அவளைக் காட்டிக்கொடுத்தது. மார்ச்சில் வெள்ளம் ஏறியபோது மற்றவர்கள் வழி தட்டித் திணற, நெவேனா மட்டும் கேட்ட கணக்கைக் கேட்ட நொடியில் எடுத்துக் கொடுத்தாள். தலைமை அதிகாரி பொரிஸ்லாவுக்கு வாயெல்லாம் பல். அவள் எழுதியதை அலுவலகத்தின் எட்டுக் கணினியிலும் ஏற்றச் சொல்லிவிட்டார்.

கலினா உட்கார்ந்து நாலைந்து பெயரைத் தட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, எல்லாம் வலப்பக்கமாவே இருக்கு? எடது கைக்கு லீவு குடுத்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நெவேனாவும் சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

கலினாவின் சிரிப்பு நின்றது. "அக்கா... கைய வெளிய எடு."

வலது கையால் இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள் நெவேனா. வைத்த இடத்திலேயே அது கிடந்தது.

"ஏம்மா சொல்லல?" என்றார் பொரிஸ்லாவ்.

"சொன்னா இருக்க விடுவீங்களா சார்?"

அவர் விடுப்புத் தாளை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். திங்கட்கிழமை நெவேனாவின் நாற்காலி காலியாக இருந்தது. கலினா அழுதுகொண்டே வேலை பார்த்தாள். கே, எல் என்று வலது கை தட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய நல்ல இடது கை மடியில் சும்மா கிடந்தது.