பின்சுவரில் முளைத்த அரசங்கன்று

பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறப்பதற்கு முன்னால் பலராமன் கதவைத் தட்டுவார். உள்ளே ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன? சாவியே அவர் கையில்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு தட்டுத் தட்டி, "நான்தான், பலராமன்" என்று சொல்லிவிட்டுத்தான் பூட்டில் கை வைப்பார். அக்கம்பக்கத்தார் முதலில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுக்கும் பழகிவிட்டது. பேச மனுஷர் இல்லாதவன் கதவோடாவது பேசித்தானே ஆகவேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் மில்லில் மராமத்துப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். மில்லுக்குப் பூட்டுப் போட்ட பிறகு, பிரான்சில் குடியிருக்கும் ஒரு குடும்பம் தங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு சாவியைக் கொடுத்தது. ஒன்று ஏழாயிற்று. மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டிலும் தளம் ஒழுகுகிறதா, நிலைக்கதவில் கரையான் ஏறியிருக்கிறதா, மழைநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, ஒரு படிவத்தில் எழுதி, பிரவுசிங் சென்டரில் கொடுத்து அனுப்பச் சொல்வார். ஒரு கீல் துருப்பிடித்திருந்தாலும் எழுதிவிடுவார். அந்த விஷயத்தில் மனிதர் படு கறார்.

மனைவி செல்வாம்பாள் இரண்டாயிரத்து மூன்றில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை. முதலியார்பேட்டையில் ஒற்றை அறை வீடு, ஒரு செல்போன். அந்தப் போன் அடித்தால் அது தவறான நம்பராகத்தான் இருக்கும். படிவத்தின் கடைசி வரியில் 'பழுது ஏதுமில்லை' என்று எழுதி அனுப்பினால் எந்த நாட்டிலிருந்தும் ஒரு வார்த்தை பதில் வராது. ஒழுங்காக வேலை செய்கிறவனுக்கு உலகத்தில் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில், அமேலி மதாம் வீட்டு மாடியில், பின்சுவர் விளிம்பில் ஓர் அரசங்கன்று இரண்டு இலை விட்டிருந்தது. அமேலி மதாம் பேர்தான் பிரெஞ்சு, ஆள் இந்த ஊர்த் தமிழச்சிதான், சொல்தா ஒருவரின் விதவை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். இப்போது துலூஸ் நகரத்தில் மகன் ஆந்த்ரேயோடு இருக்கிறார். பலராமன் வழக்கம்போல் எழுதி அனுப்பினார். கன்றைப் பிடுங்கி வேரில் பெருங்காயம் வைத்துவிட்டால் தீர்ந்தது, திங்கட்கிழமை செய்யலாம் என்றிருந்தார். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போன் அடித்தது.

"இன்னா பலராமன், சுவத்துல கன்னு மொளச்சிருக்குதாமே?"

"சின்னதுதான் மதாம். நாளிக்கே பிடுங்கிப் போட்டுடறேன்."

"அவசரப்படாதப்பா. மழ விடட்டும், நிதானமா பாக்கலாம். ஆமா, நீ சாப்ட்டியா?"

செல்வாம்பாள் போனதிலிருந்து அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அரைமணி நேரம் பேசினார்கள். பெரிய மார்க்கெட்டில் மீன் விலை, துலூஸ் குளிர், மருமகள் ரொட்டியைத் தவிர வேறெதுவும் வைக்காத கதை. பேசி முடித்த பிறகு பலராமன் போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் கன்றைப் பிடுங்கவில்லை.

இத்தனை வருஷத்து நேர்மை நாலு இலைக்கு விலைபோயிற்று. மாதாமாதம் நுனியை மட்டும் கிள்ளிவிடுவார், வேரைத் தொடமாட்டார். படிவத்தில் 'பின்சுவரில் அரசங்கன்று, கவனிக்கவேண்டும்' என்று எழுதுவார். அடுத்த ஞாயிறு போன் வரும். அன்றைக்கு எங்கும் போகமாட்டார், மதியமே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், போனில் ஆள் தெரியும் என்பது போல. அந்த அம்மாளும் ஒவ்வொரு முறையும் "அவசரப்படாதப்பா" என்றே சொன்னார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது.

முளையில் கிள்ளாதது என்ன செய்யும் என்று பலராமனுக்கா தெரியாது? இரண்டாயிரத்து எட்டு கார்த்திகையில் புயல் மழை விடாமல் கொட்டியது. மழை விட்ட மறுநாள் மாடிக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு விரிசல். மேலே நாலு இலைதான், உள்ளே வேர் கட்டைவிரல் பருமன். எட்டிப் பார்த்தார். சுவருக்கு நேர் கீழே சந்தில் குஞ்சம்மாள் தள்ளுவண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போம்மா" என்று கத்தினார்.

"அங்க வெயிலுண்ணா" என்றாள் அவள்.

அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. தன் போன் அடிப்பதற்காக ஒருத்தியின் தலைக்கு மேலே இத்தனை செங்கல்லைத் தொங்கவிட்டிருக்கிறோமே என்று நினைத்தார். அவளைக் கெஞ்சி வண்டியை நகர்த்திவிட்டு, பாவாடை என்கிற கொத்தனாரை அன்றைக்கே கூட்டிவந்தார். சுவரைப் பிரித்து, வேரை அடியோடு எடுத்து, பெருங்காயம் அடைத்து, புதிதாகக் கட்டிப் பூசினார்கள். படிவத்தில் நடந்த வேலையை எழுதி, கடைசி வரியில் 'பழுது ஏதுமில்லை' என்று முடித்தார். எழுதும்போதே அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஞாயிறு போன் வரவில்லை. அடுத்த மாதப் படிவத்துக்கும் வரவில்லை. பொங்கல் கழிந்த பிறகு, அவசரத்துக்கென்று மதாம் எப்போதோ கொடுத்த நம்பரை எடுத்துக்கொண்டு, எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். இத்தனை வருஷத்தில் அவராகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

"அல்லோ?"

"மதாம், பலராமன் பேசறேன்."

"இன்னாப்பா! சுவரு விழுந்துடுச்சா?" அந்தக் குரலில் பயத்தைவிட ஆசை அதிகம் இருந்த மாதிரி அவருக்குப் பட்டது.

"இல்ல மதாம். நல்லா இருக்குது."

"அப்புறம் எதுக்குப்பா கூப்ட்டே?"

"சும்மாதான். ரெண்டு மாசமா நீங்க பேசல" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தது, நுனி கிள்ளியது, எதற்காக என்பது, எல்லாம்.

"தெரியும்பா" என்றார் அமேலி மதாம். "மூணு வருஷமா நாலு எலையிலியே நிக்கற அரசமரம் எங்கனா உண்டா? நானும் இங்க அந்தக் கன்ன வெச்சித்தான் காலத்த ஓட்டினேன். சுவத்துல வேரு ஓடுது, இப்ப வித்தா அடிமாட்டு வெலைக்குத்தான் கேப்பான், அது செரியாவட்டும்னு சொல்லி ஆந்த்ரே வாய அடச்சி வெச்சிருந்தேன். எப்பனா அங்க வந்து கண்ண மூடலாம்னு ஒரு நெனப்பு. உன் காயிதம் வந்துச்சி, பழுது ஏதுமில்லன்னு. அந்த வாரமே வெல பேசி முடிச்சிட்டான். எந்த மூஞ்சிய வெச்சிக்கினு உங்கிட்ட பேசறதுன்னுதான் போன் பண்ணல."

"சுவத்துக்குக் கீழ ஒரு பொம்பள நிக்குது மதாம்."

"நீ செஞ்சதுதாம்பா ஞாயம். அடுத்த வாரம் ஆளு வருவாங்க. சாவியக் குடுத்துடு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை.

சாவி வாங்க வந்தவன் கண்ணாடி போட்ட இளவட்டம். பலராமன் கடைசித் தடவையாக அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது, "உள்ள யாராச்சும் இருக்காங்களா சார்?" என்று கேட்டான். "இல்ல" என்று சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்து, சாவியை அவன் கையில் வைத்தார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முதலியார்பேட்டைக்கு அவர் நடந்து வந்து சேர்ந்தபோது மணி நான்கு இருக்கும். தன் வீட்டு வாசலில் சாவியை எடுத்தவர், பூட்டில் வைக்காமல், கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நான்தான், பலராமன்" என்றார். பிறகு திறந்துகொண்டு உள்ளே போனார்.