ஓக்னியானை நம்பலாமா?

பல்கேரியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ரூசே ஊரில் ஓக்னியானுக்குக் கோபம் வராத நாள் கிடையாது. இளமையில், டான்யூப் வழியாக மேற்கு ஜெர்மனி வரை போகும் கப்பலில் எஞ்சின் வேலைக்கு எழுதிப் போட்டார். தேர்வில் முதலாவதாக வந்தும் அனுமதி கிடைக்கவில்லை. கம்யூனிஸ்ட் ஆட்சி; காரணம் சொல்கிற காலமா அது? துறைமுகத்தில் கிரேன்களைப் பழுது பார்த்தே ஆயுசு கழிந்தது. தன் கப்பலைக் கெடுத்தவன் எவனென்று இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஓய்வுக்குப் பிறகு கணினி பழகினார். கீழ்வீட்டு ஸ்தாமாத்தும் அவரும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். அச்சகத்தில் பிழை திருத்திய ஸ்தாமாத்துக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பத்திரிகை படிக்க முடியாமல் பித்துப் பிடித்தவர் போல இருந்தார். அவருக்காகவே குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, இணையத்தில் செய்தியைத் திறந்தால் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு சின்ன செருகுநிரலை ஓக்னியான் எழுதினார்.

அதை ஸ்தாமாத்தின் கணினியில் போட்ட அன்று பக்கத்து வீட்டுக்காரனான நானும் இருந்தேன். ராக்கியாச் சாராயம் என் உபயம். திரையில் வந்ததை ஓக்னியான் வாசிக்க, ஸ்தாமாத் பொத்தானை அமுக்கினார்.

"இதை எழுதியவர் யாரென்று தெரியவில்லை. நிறுவலாமா?"

"இவனத் தெரியாதாமே! இவன் கத்துறது எதிர்க்கரை ருமேனியாவுக்கே கேக்குமே!" என்று சிரித்துக்கொண்டே ஸ்தாமாத் அமுக்கினார்.

"நீங்கள் திறக்கும் பக்கங்களை எல்லாம் இது படிக்கும். சம்மதமா?"

"படிக்காம எப்படி எழுத்தப் பெருசாக்கும்? முட்டாப் பொட்டி!" ஓக்னியான் மேசையில் குத்தினார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பெரிய கம்பெனிக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறான். நம்மவனைத்தான் வாசலில் நிறுத்திக் குடைகிறார்கள்.

"இவரை நம்புகிறீர்களா? உறுதியாகவா?"

ஸ்தாமாத்தின் விரல் நின்றுவிட்டது.

"எதுக்குடா உன்னப் பத்தி இத்தன தடவ கேக்குது?"

"எல்லாரப் பத்தியும் இப்படித்தான் கேக்கும். அமுக்குடா."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

"எவங்க?"

ஸ்தாமாத் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீ கப்பலுக்கு எழுதிப் போட்டப்ப ரகசியப் போலீஸ்காரன் அச்சகத்துக்கு வந்தான். இவன நம்பலாமான்னான். நம்பலாம்னேன். மறுபடி கேட்டான். நம்பலாம்னேன். அப்புறம், நல்லா யோசிச்சுச் சொல்லு, உறுதியாத்தானான்னான்."

"நீ என்ன சொன்ன?"

"பயமா இருந்துச்சுடா. உறுதியாத் தெரியலன்னுட்டேன்."

எனக்கு ஸ்தாமாத்தை அறைய வேண்டும் போலவும் இருந்தது. அவர் அழுவதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. ஓக்னியான் கத்துவார் என்று காத்திருந்தேன். அவரோ எட்டி, தானே "ஆம்" பொத்தானை அமுக்கினார். செய்திப் பக்கம் பெரிய எழுத்தில் விரிந்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

ஓக்னியான் கோட்டை மாட்டிக்கொண்டு போனவர்தான், அந்தக் கதவை அதற்குப் பிறகு தட்டவே இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஸ்தாமாத் என்னைத் தூது அனுப்பினார். கணினியைத் திறக்கவே அவருக்கு மனசு வரவில்லை என்று போய்ச் சொன்னேன்.

"எழுத்து தெரியுதுல்ல அவனுக்கு?" என்றார் ஓக்னியான். "உக்காந்து படிக்கச் சொல்லு."