மாடிப்படிக்கு ஐந்து நட்சத்திரம்

என் பேய்க்கதைக்கு முதல் விமர்சனம் எழுதியவர் என் பெரிய நாத்தனார். "எங்கள் தம்பி மனைவி எழுதிய நாவல். நன்றாகச் சமைப்பாள், பெரியவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்வாள். மென்மேலும் வளர வாழ்த்துகிறோம்" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார். நாவலில் வரிசையாக ஆட்கள் கழுத்து நெரிபட்டுச் சாகிறார்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சிம்மக்கல்லில் மருந்து மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பில் போடுகிறவள் நான். டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த நாட்களிலும், மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை மூடிய பிறகும், போனிலேயே தட்டித் தட்டி எழுதிய நாவல் அது. பதிப்பகம் எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. சரிதான் போங்கள் என்று நானே இணையத்தில் மின்நூலாக ஏற்றிவிட்டேன். முதல் மாதம் அதை வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று என் வீட்டுக்காரர்.

சில நாட்கள் இலவசமாகக் கொடுக்கலாம், அப்புறம் சில நாட்கள் பாதி விலைக்குக் கொடுக்கலாம், விமர்சனம் சேரச் சேரத்தான் புத்தகம் நாலு பேர் கண்ணில் படும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. இலவச நாட்களுக்குத் தேதி குறித்ததும் என் கொழுந்தன் பொறுப்பைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார். செல்போன் கடை வைத்திருக்கிறவர், எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி விசாரிப்பவர் அவர்தான்.

"அண்ணி, வாட்ஸாப்புல லிங்க்கைத் தட்டிவிட்டா எவனும் தெறந்துகூடப் பாக்க மாட்டான். மொறையா நேர்ல போய்ச் சொல்லணும்" என்றார்.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதுகுத்துக்கு அழைக்கப் போகிற மாதிரி, அவருடைய வண்டியில் டி. கல்லுப்பட்டி பக்கம் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போனோம். வீட்டுக்காரர் "எனக்கு வெக்கமா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்று நழுவிக்கொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் காபி. காபி முடிந்ததும் கொழுந்தன் வீட்டில் இருக்கிற போன்களையெல்லாம் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் புத்தகத்தை இறக்கிக் கொடுப்பார். "படிக்கிறதெல்லாம் பெறகு. மொதல்ல நட்சத்திரத்தப் போட்டு ரெண்டு வார்த்த எழுதுங்க" என்பார். ஒரு சித்தப்பா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "சரிப்பா, போட்டுர்றேன். நாளைக்கு எங்க வீட்டு விசேசத்துக்கு இதத் திருப்பி எப்படிச் செய்வீக?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார்.

விமர்சனங்கள் மளமளவென்று குவிந்தன. "குடும்பத்துடன் படித்து மகிழ்ந்தோம்." "மணமக்கள் போல் என்றும் வாழ்க." அதை எழுதியவர் எந்த நினைப்பில் எழுதினாரோ தெரியாது. எனக்கு உள்ளுக்குள் கூச்சமாக இருந்தாலும் எண்ணிக்கை ஏறுவதைப் பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அந்த இணையதளம் மொத்தத்தையும் ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. தெரிந்தவர்கள், உறவினர்கள் எழுதும் விமர்சனம் செல்லாதாம். கொழுந்தனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "பங்காளி எழுதாம பின்ன ரோட்டுல போறவனா அண்ணி எழுதுவான்?" என்று கத்தினார்.

அப்போதே விட்டிருக்க வேண்டும். ஆனால் பாதி விலை நாட்கள் தொடங்கியிருந்தன.

மூன்றாம் நாளோ என்னவோ, கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு புதிய விமர்சனம் கண்ணில் பட்டது. முன்பின் தெரியாத பெயர். "இது கதையல்ல, நிஜம். மதுரை திருநகரில் இருக்கிறது அந்த வீடு. வீட்டு உரிமையாளர் அந்த மாடிப்படியில்தான் இறந்தார். மாடியில் குடியிருக்கும் எழுத்தாளருக்கே அவர் படியேறும் சத்தம் கேட்டிருக்கிறது. தனியாக இருக்கும்போது படிக்காதீர்கள்." எங்கள் வீட்டு மாடிப்படிதான் நாவலில் வருகிறது என்பது எங்கள் குடும்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, இது நீங்கதான?"

"நான் போட்டா அழிச்சுப்புடுவாய்ங்கள்ல. மாப்ள ஒருத்தன் போன்லருந்து போட்டேன். உண்மைக் கதைன்னு சொன்னாத்தான் அண்ணி சனம் பிச்சுக்கிட்டு வாங்கும். பாத்தீகளா, எப்படி ஏறுதுன்னு?"

ஏறத்தான் செய்தது.

நாங்கள் திருநகரில் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். நாங்கள் குடிவருவதற்கு முன்பே அவருடைய கணவர், தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வெளிப்படியில் ஏறும்போது நெஞ்சு வலித்து விழுந்து இறந்துபோனார். எனக்குத் தெரிந்த மாடிப்படி அது ஒன்றுதான் என்பதால் நாவலில் அதை வைத்துக்கொண்டேன். அதில் ஏறி வருகிற பேய் என் கற்பனை. வாடகை ஆசை பிடித்த ஒரு கிழவன், குடியிருப்பவர்களை ஒவ்வொருவராகக் கொல்வான். இறந்த மனிதரை நான் போட்டோவில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

இந்த வீடு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மதுரையில் வீடு தேடிப் போனால் பேரைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். அதையும் சொன்னால், "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்று சிரித்த முகமாகக் கதவைச் சாத்துவார்கள். அப்படி எத்தனையோ சிரித்த முகங்களைப் பார்த்து அலுத்துத்தான் இங்கே வந்தோம். இந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி, "தண்ணி நெறையப் பொழங்குவீங்களா?" என்பது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில் என் வீட்டுக்காரர் கண் கலங்கினார். அந்த அம்மாவை இழந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது என் மனதில் இருந்தது. அந்த வீட்டை மாதிரி இன்னொன்று தேட என்னிடம் தெம்பில்லை.

கொழுந்தனைத் திட்டிய திட்டில் அன்றைக்கே அதை அழித்துவிட்டார். ஆனால் பேய்க்கதை வாசகர்கள் கூடும் ஏதோ ஒரு முகநூல் குழுவில் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள், நிஜமான வாசகர்கள். "உண்மைச் சம்பவம் என்று தெரிந்ததும் பயம் இரண்டு மடங்கானது." "பேய் இன்னும் அடிக்கடி வந்திருக்கலாம், மூன்று நட்சத்திரம்." நான் ஏங்கிக் கிடந்தது இந்த விமர்சனங்களுக்காகத்தான். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதுதான் கேவலம். இது முழுக்கக் கற்பனை என்று என் பக்கத்தில் எழுதினேன். "எழுத்தாளரே மறைக்கப் பார்க்கிறார், அப்படியென்றால் நிஜம்தான்" என்று அதன் கீழே ஒருவர் எழுதினார். நாற்பது பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். திருநகரில் எந்தத் தெரு என்பதைக்கூட யாரோ துப்பறிந்து போட்டிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறேன், வாசல் கேட்டில் இரண்டு காலேஜ் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துப் படியைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்! செம்பு அவர் கையில் இருந்தது.

"பாட்டி, தாத்தா எந்தப் படியில வருவாரு?" என்று ஒருவன் கேட்டது என் காதில் விழுந்தது.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பையன்களை வாயில் வந்தபடி திட்டி விரட்டினேன். மேலே போனால், நான் சொல்லி முடிப்பதற்குள் என் வீட்டுக்காரர், "அவங்களா காலி பண்ணச் சொல்றதுக்கு முன்னால நாமளே வீடு பாக்க ஆரம்பிச்சுருவோம்" என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். சோறு இறங்கவில்லை. கீழே போய் மன்னிப்புக் கேட்கவும் கால் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரம்மாவே மாடிக்கு வந்துவிட்டார். மூட்டு வலிக்காரர், மாடி ஏறி நான் பார்த்ததே இல்லை. தலை சீவி, நல்ல சேலை கட்டியிருந்தார். என் வீட்டுக்காரர் கறி வாங்கப் போயிருந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, "அம்மா, தப்பு நடந்துபோச்சு, எல்லாம் என் கொழுந்தன்…" என்று நான் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத விடும்மா. அவுக வாராகளாமே? படி ஏறுற சத்தம் ஒனக்குக் கேக்குதாம்ல?"

குத்திக் காட்டுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பக் கேக்கும்? காலையிலயா, சாயங்காலமா? செருப்புப் போட்டு ஏறுற மாதிரி இருக்குமா?"

அவரே தொடர்ந்து பேசினார்.

"எம்மகன் செல்லுல எல்லாத்தையும் பாத்துட்டுப் போன் பண்ணி, அவுங்களக் காலி பண்ணச் சொல்லுங்கன்னு குதிக்கிறான். இருக்கட்டும்டா, அந்தப் புள்ளைக்காவது கேக்குதேன்னு சொல்லிட்டேன். எனக்கு ஒருநாள்கூடக் கேட்டதில்ல. எம்மேல கோவமோ என்னவோ. அன்னைக்குக் கொழாயில தண்ணி வரலன்னு, செத்த போய்ப் பாத்துட்டு வாங்கன்னு அனுப்புனது நான்தான."

இந்த அம்மாவிடம் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. அது சரிதானா என்று யோசிக்கக்கூட இல்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன்.

"அம்மா, எல்லாம் நானா கட்டுன கதை. எந்தச் சத்தமும் எனக்குக் கேட்டதில்ல."

"ஒருநாள்கூடவா?"

"ஒருநாள்கூட இல்லம்மா."

"அப்ப நெசம்னு அம்புட்டுப் பேரு எழுதியிருக்காகளாமே?"

"அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. புத்தகத்தப் படிச்சவங்க, அவ்வளவுதான்."

அவர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். தாங்கிப் பிடிக்கப் போன என் கையை மெதுவாக விலக்கினார். வாசல்வரை போய்த் திரும்பி நின்றார்.

"கதைதான எழுதுற நீ. எனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார். நான் வாசலிலேயே நின்றேன்.