லோடு என்றால் எடை இல்லை

அருப்புக்கோட்டையை விட்டு எம்.ரெட்டியபட்டி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். அதுவரை தறிகளுக்கு மோட்டார் காயில் கட்டும் கடையில் இருந்தேன். தறிகள் பாதி நின்றுவிட்டன. எரிந்துபோக மோட்டார் இல்லாததால் எனக்கும் வேலை இல்லை. ஷேர் ஆட்டோவில் இடம் கிடைக்கவில்லை. பையில் ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு மல்டிமீட்டர், ஒரு மாற்றுச் சட்டை. படிப்பு எட்டாவதோடு நின்றது.

கருவேலங்காடு முடியும் இடத்தில் குழாய் ஸ்பீக்கர் சத்தம் கேட்டது. பழைய பாட்டு, இசைத்தட்டில் ஓடுவது. ஆனால் 'ச' எழுத்து வருகிற இடமெல்லாம் விசில் அடித்தது. நாதஸ்வரம் காதில் குத்தியது. தேய்ந்த முள் கரகரக்கும், இப்படிக் கீச்சிடாது. என்னவென்று பார்க்கத்தான் ஊருக்குள் திரும்பினேன்.

கோயில் பொட்டலில் மைக் செட்டின் சொந்தக்காரர் பாண்டிச்செல்வி, வேப்பமர நிழலில் ரெக்கார்டு பிளேயர் முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே நின்றவர் விழாக் கமிட்டியைச் சேர்ந்த வெங்கடசாமி. இந்த வருஷம் பென் டிரைவ் கூடாது, மூன்று நாளும் இசைத்தட்டுதான் என்று ஊரில் முடிவு செய்து செல்வியைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஏத்தா, இதுக்குப் பென் டிரைவே தேவல. சனம் காதப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கு. பொழுதடையச் சரியாகலன்னா திருச்சுழி செட்டுக்குப் போனப் போட்ருவேன்."

"பாதியில எறக்கி விட்டாகன்னு பேரு வந்துட்டா, அப்பறம் எந்த ஊர்ல மாமா என்னையக் கூப்புடுவாக? சாயங்காலம் வரைக்கும் பொறுங்க."

"பொறுக்கத்தான செய்றேன். காதுதான் பொறுக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவர் பந்தல் பக்கம் போனார்.

குனிந்து பார்த்தேன். பிளேயர் கையின் தலையில் ஒரு ரூபாய்க் காசு டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"காசு எதுக்கும்மா?"

"நீங்க யாருண்ணே?"

மோட்டார் கட்டுகிறவன், முன்பு ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்தவன் என்றேன். அது போதுமானதாக இருந்தது.

"பழைய செராமிக் கார்ட்ரிஜ் ஒடஞ்சுபோச்சு. மெட்ராஸ்ல இருந்து மேக்னட் கார்ட்ரிஜும் அதுக்கு ஒரு பிரீஆம்ப்பும் வாங்குனேன். விசிலடிக்குதுன்னு கேட்டா, லோடு சரியில்ல, லோடப் பாருங்கன்னு கடைக்காரரு சொல்றாரு. கைக்குப் பின்னாடி இருக்குற வெயிட்டத் தள்ளி எடயக் கொறச்சேன், முள்ளு துள்ளுச்சு. காச ஒட்டுனேன், சத்தம் அமுங்குச்சு. விசிலு மட்டும் நிக்கல."

"அவுக சொன்னது அந்த லோடு இல்லம்மா."

"பெறகு? லாரி லோடா?"

கார்ட்ரிஜ் என்பது முள்ளைப் பிடித்திருக்கும் சின்னத் தலை; அதிலிருந்து வரும் மெல்லிய சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் தூக்கிக் கொடுக்கும் பெட்டி பிரீஆம்ப். மைக் செட் தொழிலில் முள் துள்ளினால் காசு வைப்பது வழக்கம். லோடு என்றதும் கை தானாகக் காசுக்குப் போயிருக்கிறது. நான் எனக்குத் தெரிந்த தறியை வைத்துச் சொன்னேன். பெல்ட் மாட்டிய மோட்டாருக்குத் தறி லோடு. அதுபோல, கார்ட்ரிஜுக்குள் இருக்கிற சின்னக் காயிலுக்குப் பின்னால் வரும் வயரும் பெட்டியும்தான் லோடு. காசை எடுத்து, கையின் எடையைப் பழைய அளவுக்கு வைத்தோம்.

முதலில் நானும் தப்பான இடத்தில்தான் தேடினேன். பிரீஆம்ப் இன்புட்டில் ஒரு ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்துப் பற்றவைத்தேன். விசில் குறைந்தது.

செல்வி தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்பச் சளி பிடிச்சவுக பாடுற மாதிரி இருக்குண்ணே."

சரியாகத்தான் சொன்னார். ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டேன். கார்ட்ரிஜ் டப்பாவில் நாற்பத்தேழு கிலோ ஓம், இருநூறு பைக்கோஃபாரட் என்று அச்சடித்திருந்தது. ஓம் பிரீஆம்ப்பிலேயே சரியாக இருந்தது. அப்படியானால் ஃபாரட், அதாவது கண்டன்சர் அளவு, எங்கிருந்து கூடுகிறது? பிளேயரிலிருந்து போகிற ஷீல்டு வயரைக் கண்ணால் தொடர்ந்து போனேன். அது மரத்தைச் சுற்றி, பந்தலைத் தாண்டி, கரண்டு போர்டுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் மேல் உட்கார்ந்திருந்த பிரீஆம்ப்பில் போய் முடிந்தது.

"இம்புட்டு நீளமா?"

"ரெக்கார்டு நெழல்ல இருக்கணும், இல்லன்னா வளஞ்சுபோகும். பெட்டியெல்லாம் கரண்டு பக்கத்துல இருக்கணும். செட்டுப் போடுறவுக எல்லாம் இப்படித்தான் போடுவாக. பழைய கார்ட்ரிஜும் இதே வயர்லதான் ஓடுச்சு."

வயரின் இரண்டு முனையையும் கழற்றி மீட்டரில் வைத்தேன். டப்பாவில் போட்டிருந்ததைப் போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஃபாரட் காட்டியது. ஷீல்டு வயர் நீள நீள அதுவே ஒரு கண்டன்சராகிவிடும். செராமிக் கார்ட்ரிஜ் தானே ஒரு கண்டன்சர் மாதிரி. நீள வயரில் அதற்குச் சத்தம் மட்டும் கொஞ்சம் குறையும், குரல் மாறாது. மேக்னட் கார்ட்ரிஜ் காயில். காயிலும் இத்தனை கண்டன்சரும் சேர்ந்தால் ஏதாவது ஒரு சுருதியில் கூடிக் கத்தும். இங்கே அது 'ச'வில் கத்தியது.

"பிரீஆம்ப் பிளேயர்கிட்ட வரணும். நீள வயரு அதுக்கு அப்பறம் ஆம்ப்ளிஃபயருக்குப் போகட்டும், அங்க கெடுதல் இல்ல."

"அங்க கரண்டு?"

"கரண்டு வயர நீட்டுவோம். அது எவ்வளவு நீளமானாலும் கத்தாது."

செல்வி எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு வந்தார். பிளேயருக்கும் பிரீஆம்ப்புக்கும் நடுவில் முழங்கை நீள வயர் மட்டும் மாட்டினோம். அதே பாட்டை வைத்தார். முள் இறங்கியது. 'ச' வந்தது, விசிலடிக்காமல் போனது. நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்டது.

வெங்கடசாமி பந்தலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எட்டத்துல நின்னு கேட்டுட்டு வாரேன்" என்று கண்மாய்க்கரை வரை நடந்தார். பாட்டு முடிகிற சமயத்தில் திரும்பி வந்தார்.

"இந்தப் பாட்டுல தவுலு இருக்காத்தா?"

"முன்னயும் இருந்துச்சு மாமா."

"எனக்குக் கேக்கலயே." கொஞ்சம் யோசித்தார். "சரி. பொழுதடஞ்சு பூசை. அதுக்கு நல்ல ரெக்கார்டா எடுத்து வையி."

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பாகத்தை மாற்றினால், பழைய பாகத்துக்காக ஏற்பட்ட பழக்கத்தையும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. செல்வி வயர் போட்டதும் அந்தப் பழைய கார்ட்ரிஜுக்குச் சரியானதுதான்.

அன்று ராத்திரி செட்டு வண்டியிலேயே படுத்துக்கொண்டேன். காலையில் செல்வி டீ வாங்கிக்கொண்டு வந்தார்.

"மரம் ஏறுவீகளாண்ணே?"

"ஏறுவேன்."

"அப்பக் கெழக்கப் பாத்து இருக்குற கொழாயத் தெருப் பக்கம் திருப்பிக் கட்டுங்க. இப்ப அது காட்டப் பாத்துப் பாடிக்கிட்டு இருக்கு."

டீயைக் குடித்துவிட்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு வேம்பில் ஏறினேன். அவருடைய செட்டில் குழாய் கட்டுகிறவனாக நான் சேர்ந்தது அப்படித்தான்.