மாமாவை நீக்கிய வகையில்

நெதர்லாந்தில் குழந்தைகள் தடுக்கி விழுந்தால் "மாமா" என்று கத்தி அழுகிறார்கள். வந்த புதிதில், யாருடைய மாமன் ஓடி வரப் போகிறார் என்று நானும் நின்று பார்ப்பேன். எந்த மாமனும் வரமாட்டார். சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு அம்மாதான் வருவாள். இவர்கள் மொழியில் மாமா என்றால் அம்மா. உலகத்தில் எத்தனையோ சத்தங்கள் இருக்க, இதைத்தானா பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. எங்கள் வீட்டு மாமாவை வைத்துத்தான் நான் டாக்டர் பட்டமே வாங்கினேன்.

என் வேலை தரவுத்தள வடிவமைப்பு. எங்கள் ஊர் ராசிபுரத்தில் இதைச் சொன்னால் ஓடாத லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிடுவார்கள். ஆட்களையும் பொருள்களையும் கணினிக்குள் கட்டம் கட்டமாக அடைத்து, எந்தக் கட்டத்துக்கும் எந்தக் கட்டத்துக்கும் என்ன உறவு என்று கோடு போடுவது, அவ்வளவுதான். நான் படிக்க வந்தபோது இரண்டு ஆட்களுக்கு நடுவே ஒரே கோடு என்று வகுப்பில் வரைந்து காட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மாவுக்கு என் அப்பா தாய்மாமன்; அக்கா மகளையே கட்டிக்கொண்டவர். அந்த அக்கா எனக்கு ஒரு வழியில் அத்தை, இன்னொரு வழியில் அம்மாயி, அம்மாவைப் பெற்ற பாட்டி. உறவு என்பது வெறும் கோடு அல்ல, அதையே ஓர் ஆளைப்போல நடத்த வேண்டும், இருவருக்கு நடுவே எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினேன். வீட்டுக் கதையை வெளியே சொல்லக் கூச்சமாக இருந்ததால், அப்பாவையும் அம்மாவையும் ஒருவருக்கொருவர் சரக்கு விற்றும் வாங்கியும் பிழைக்கிற இரண்டு கம்பெனிகளாக வேடம் போட்டு அனுப்பினேன். அது ஓடியது. வங்கிகள் எடுத்துக்கொண்டன, ஆஸ்பத்திரிகள் எடுத்துக்கொண்டன, கடைசியில் அரசாங்க அலுவலகங்களும் எடுத்துக்கொண்டன. மேடைக்குக் கூப்பிட்டுப் பூங்கொத்துக்கூடக் கொடுத்தார்கள்.

பிறகு நான் உண்டானேன். கணவருக்குக் கப்பல் வேலை. பிரசவ சமயத்தில் நடுக்கடலில் இருப்பார். தனியாகப் பெற்றுக்கொள்ள எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் அப்பாவும் வந்தே ஆக வேண்டும். விசா விண்ணப்பத்தில், உடன் வருபவர் என்ன உறவு என்ற கேள்விக்குக் கீழே, வேறு உறவும் உண்டா என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. என் கட்டுரையின் புண்ணியம். பழைய முறையாக இருந்தால் கணவர் என்பதோடு கதை முடிந்திருக்கும். நெய் வியாபாரத்திலேயே கலப்படம் செய்யாத என் அப்பா இதிலா செய்வார்? தாய்மாமன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கணினி இரண்டையும் சமர்த்தாக வாங்கிக்கொண்டது. அலுவலகம்தான் விண்ணப்பத்தை நிறுத்தி வைத்தது.

என்னைக் கூப்பிட்டு விசாரித்த அம்மையார் நல்லவர்தான். காப்பி கொடுத்து, இவர் உங்கள் அம்மாவுக்குக் கணவரா, மாமாவா என்று கேட்டார். இரண்டும் என்றேன். ஒன்று தவறுதலாகப் பதிவாகியிருக்கும், எதை நீக்கட்டும், இல்லையென்றால் விண்ணப்பம் நகராதே என்று பரிவோடு சொன்னார். எங்கள் பக்கம் பல பெண்கள் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கணவரை அம்மா என்றா கூப்பிடுவார்கள்?"

இதற்கு மேல் விளக்கினால் என்னையும் சேர்த்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். அப்பாதான் எடுத்தார். மாமா என்பதை நீக்கினால் கணவராக வரலாம், ஆனால் இந்த நாட்டைப் பொறுத்தவரை அம்மா உங்கள் அக்கா மகள் இல்லை என்று தொழில் புத்தியில் சொன்னேன். தாயில்லாத அவரை வளர்த்து ஆளாக்கியது அந்த அக்காதான்.

"எங்கக்காள அழிச்சுப்போட்டுத்தான் நான் அங்க வரோணுமா சாமி?"

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லாதே என்பதுதான் என் மொத்த ஆராய்ச்சியும். அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"நீ அழிச்சுப்போடு கண்ணு. நான் மாமான்னு கூப்புடறத அந்தக் கம்ப்யூட்டரு வந்து தடுத்துப்போடுமாக்கும்."

உள்ளே போய், மாமாவை நீக்கிவிடுங்கள் என்றேன். அந்த அம்மையார் ஒரே தட்டில் நீக்கிவிட்டு, வாழ்த்துகள் என்றார்.

வந்து இறங்கிய அன்று விமான நிலைய வாசலில் தள்ளுவண்டியிலிருந்து ஒரு பெட்டி சரிந்தது. "மாமா, பொட்டி உருளுது பாருங்க" என்று அம்மா போட்ட சத்தத்தில், பக்கத்திலிருந்த குழந்தை பதறித் தன் தாயின் காலைக் கட்டிக்கொண்டது. மகன் பிறந்தான். இருவரும் விசா முடியும்வரை இருந்து, குளிரை வாயாரத் திட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். அவர்கள் போன பிறகும் இந்த நாட்டுப் பதிவுகளில் எங்கள் குடும்பத்தில் மாமா என்று யாரும் இல்லை.

மகன் இப்போது நடக்கப் பழகுகிறான். போன ஞாயிறு வீடியோ அழைப்பில், ராசிபுரத்து வீட்டுக் கூடத்தில் அப்பா உட்கார்ந்திருக்க, இவன் திடீரென்று தெளிவாக "மாமா" என்றான். அவனுடைய முதல் சொல். குழந்தைகள் காப்பகத்தில் பிடித்திருப்பான். "என்னடா தங்கம்" என்று நான் குனிந்தேன். போனுக்குள்ளிருந்து அப்பாவும், அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பழகிய காதுடன், "என்ன சாமி" என்றார். இவன் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போனை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.